வெள்ளத்தில் வெளியேறும்போது தோளில் எதைச் சுமப்பது? கொழும்பு வாசிகளுக்கான அவசரப் பை விளக்கம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டு 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, ‘72 மணித்தியாலப் பை’ என்ற பெயரில் நீண்ட பட்டியல்கள் கைபேசிக்குக் கைபேசி பரவுகின்றன. கூடாரம், திசைகாட்டி, தீமூட்டும் கல், நீர் வடிகட்டும் குழாய், பல வேலை செய்யும் கத்தி என்று நீளும் அவற்றைப் பார்க்கும் வெல்லம்பிட்டியிலோ முகத்துவாரத்திலோ வசிக்கும் ஒருவருக்கு, இவற்றில் எது தனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாமற் போவது இயல்பு. பெரும்பாலான பட்டியல்கள் வேறு நிலத்துக்கும் வேறு ஆபத்துக்கும் எழுதப்பட்டவை. கொழும்பில் இருப்பவர் தமது பையை எந்தக் கணக்கில் தெரிவு செய்யலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பை எந்த இடைவெளிக்கு?

அவசரப் பை என்பது, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் வீட்டை விட்டு வெளியேற வேண்டிவரும்போது, பத்து நிமிடங்களுக்குள் எடுத்துத் தோளில் மாட்டி நடக்கக்கூடிய பொருட்களின் தொகுதி. ‘72 மணித்தியாலம்’ என்ற அளவு, உதவி வந்துசேரும்வரை ஒரு குடும்பம் மூன்று நாட்கள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அமெரிக்க அறிவுரையிலிருந்து பரவியது. அந்த அறிவுரை ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன், அதாவது ஏறத்தாழ 3.8 லீற்றர் தண்ணீர் வைத்திருக்கச் சொல்கிறது. நால்வருக்கு மூன்று நாட்கள் என்று பெருக்கினால் 45 லீற்றர் வரும். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ என்பதால், அது 45 கிலோ.

இந்தக் கணக்கைத் தோளில் ஏற்ற முடியாது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்போருக்கான சேமிப்பும் வீட்டை விட்டு வெளியேறுவோருக்கான பையும் ஒன்றாகக் கலந்துவிட்டதே குழப்பத்தின் மூலம். முன்னையது அலுமாரியிலும் மேல்மாடியிலும் இருக்க வேண்டியது. பின்னையதே நமது விடயம்.

சேதவத்தையிலிருந்தோ கொலன்னாவையிலிருந்தோ வெளியேறும் குடும்பம் காட்டுக்குப் போவதில்லை. சில கிலோமீற்றருக்குள் உள்ள பாடசாலை, கோயில், விகாரை, பள்ளிவாசல் ஒன்றுக்கோ, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கோதான் போகிறது. அங்கே முதலில் வந்துசேருவது சமைத்த சாப்பாடு. அயலவர்களும் தொண்டர்களும் அதில் குறை வைப்பதில்லை. ஆனால் உங்கள் இரத்த அழுத்தக் குளிசையை யாரும் சமைத்துக் கொண்டுவர முடியாது. உங்கள் மூக்குக்கண்ணாடியையும், காணி உறுதியையும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எந்த லொறியும் ஏற்றி வராது. ஆகவே பொருட்களைத் தெரியும்போது முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: போய்ச்சேரும் இடத்தில் இதை வேறொருவர் எனக்குத் தர முடியுமா? முடியாது என்பவற்றுக்கே பையில் முதலிடம்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஆபத்துக்கு ஆபத்து முன்னெச்சரிக்கை நேரம் மாறுபடும். பையை எங்கே வைப்பது, எடுப்பதா விடுவதா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

1. களனி கங்கை வெள்ளம். மத்திய மலைநாட்டில் பெய்யும் மழை நோர்வூட், கித்துல்கல, தெரணியகல பக்கங்களிலிருந்து கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல வழியாகக் கீழிறங்கிக் கொழும்பை அடையப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். நீர்ப்பாசனத் திணைக்களம் இந்த இடங்களின் நீர்மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. நகரின் கடைசி அளவீட்டு இடமான நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஹங்வெல்லவில் 8 மீற்றர் சிறு வெள்ளம், 10 மீற்றர் பெருவெள்ளம். ஹங்வெல்ல எண் ஏறிக்கொண்டே போனால், உங்கள் முற்றம் காய்ந்திருந்தாலும் பையை வாசலுக்குக் கொண்டுவர வேண்டிய நேரம் வந்துவிட்டது.

2. நகருக்குள் கொட்டும் கடும் மழை. வடிகான்களும் கால்வாய்களும் நிரம்பி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தெருவுக்குத் தண்ணீர் வரும். இதற்கு ஆற்று மட்டம் எந்தத் துப்பும் தராது.

3. கடற்கோள் (சுனாமி). 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திரா நிலநடுக்கத்துக்குப் பின்னர் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடல் பின்வாங்குவதைக் கண்டாலோ எச்சரிக்கை கிடைத்தாலோ, பை கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால் விட்டுவிட்டு மேட்டு நிலத்துக்கு நடக்க வேண்டும்.

4. தீ. நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளிலும் உயர்மாடிக் கட்டடங்களிலும் கிடைப்பது நிமிடங்களே. மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. பைக்காக உள்ளே திரும்பவே கூடாது.

கதவுக்கருகே, நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்கு மேல், கொக்கியில் தொங்கும் பைதான் இந்த நான்குக்கும் பொருந்தும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பை வெள்ளத்தில் முதலில் நனைவது.

நிறைக் கணக்கு

பழக்கமில்லாத ஒருவர் தமது உடல் நிறையின் பத்திலொரு பங்கு முதல் பதினைந்து வீதம் வரை சுமந்தால் தடுமாறாமல் நடக்கலாம் என்பது பொதுவான அளவு. வெள்ளத்தில் குறைந்த அளவையே எடுப்பது நல்லது. ஓடும் தண்ணீர் அரையடி உயரம் இருந்தாலே வளர்ந்தவரைச் சாய்த்துவிடும்; முதுகில் பாரம் இருந்தால் விழுந்தவர் எழுவது கடினம்.

65 கிலோ நிறையுள்ள ஒருவரின் பைக்கு எல்லை ஆறரைக் கிலோ. அதை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்: வெறும் பை 800 கிராம், தண்ணீர் இரண்டு லீற்றர், உடையும் சாரமும் துவாயும் 1,200 கிராம், மருந்து 400, ஆவணம் 400, விளக்கும் பவர் பேங்கும் 500, உலர் உணவு 600, மழையங்கி, சவர்க்காரம் முதலியன 500. கூட்டினால் 6.4 கிலோ. ஒரு ஜீன்ஸ் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். பட்டியலில் இருக்கும் கூடாரத்துக்கு இதில் எங்கே இடம்?

தாயொருவர் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிச் செல்ல வேண்டுமென்றால் கணக்கே வேறு. பிள்ளையே பன்னிரண்டு கிலோ அளவில் இருக்கும். அவருக்கு முதுகுப்பை வேண்டாம். ஆவணமும் மருந்தும் மட்டும் கொண்ட சிறிய இடுப்புப் பை போதும், மற்றவை வேறொருவர் தோளுக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரே பெரிய பை வைக்காமல் ஆளுக்கொன்றாகப் பிரிப்பதன் நியாயமும் இதுவே: ஒருவர் வேலைத்தளத்தில் மாட்டிக்கொண்டாலும் மற்றவரிடம் ஏதாவது இருக்கும்.

நிறையைக் கையால் தூக்கி மதிப்பிட முடியாது. பையுடன் நிறுவையில் ஏறி, பையில்லாமல் ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள். பிறகு அதை மாட்டிக்கொண்டு நீங்கள் போகக்கூடிய பாடசாலை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். மாடிவீட்டில் இருப்பவர் படிகளில் இறங்கிப் பார்க்கலாம். எது தேவையில்லை என்று முதுகு சொல்லிவிடும்.

பையும் நீர்க்காப்பும்

பையின் கொள்ளளவு லீற்றரில் குறிக்கப்படும். 25 முதல் 35 லீற்றர் வரை போதும். அதைவிடப் பெரிய பை வாங்கினால் வெற்றிடத்தை நிரப்ப மனம் தேடும். பிள்ளைகளின் பழைய பாடசாலைப் பையே பெரும்பாலும் சரியாக இருக்கும். இரண்டு தோள்பட்டிகளும் அகலமாகவும், தையல் உறுதியாகவும், முடிந்தால் நெஞ்சுப் பட்டியுடனும் இருக்க வேண்டும். சில்லு வைத்த பயணப் பெட்டி தண்ணீரில் உதவாது; ஒரு தோளில் தொங்கும் பை கையை அடைக்கும். நிறம் தூரத்திலிருந்தே தெரியக்கூடியதாக இருக்கட்டும். இராணுவச் சீருடை வடிவில் விற்கப்படும் பைகள் இந்த நாட்டில் வீண் கேள்விகளுக்கு இடம் கொடுக்கும், அதிலும் தமிழர் ஒருவரின் தோளில்; அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் தூறலைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். மின்சாதனங்களில் காணும் ஐ.பி. குறியீடு இன்னும் துல்லியமானது: ஐ.பி.எக்ஸ்.4 என்பது தெறிக்கும் நீருக்கு, ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் மூழ்குவதற்கு. முதுகுப்பையின் துணி எதுவாயினும், சிப் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். மேல்வாயை மூன்று தடவை மடித்துப் பூட்டும் நீர்க்காப்புப் பை நல்லது, ஆனால் கட்டாயமில்லை. தடித்த பொலித்தீன் உறையொன்றைப் பைக்குள் விரித்து, பொருட்களை அதற்குள் இட்டு, வாயை முறுக்கி மடித்து இறப்பர் வளையத்தால் கட்டினால் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும்.

ஆவணம் இடும் சிறிய சிப் உறைகளை மட்டும் நம்பிக்கையில் விட்டுவிடாமல் சோதிக்க வேண்டும். உள்ளே ஒரு காய்ந்த டிஷ்யூ தாளை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடியை நகத்தால் ஓரம் முதல் ஓரம்வரை தேய்த்துப் பூட்டுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். எடுத்ததும் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். தாளின் மூலையில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் அந்த உறை ஆவணத்துக்கு ஆகாது. சவர்க்காரம் வைக்கப் பயன்படும்.

ஆவணம், நகை, காசு

தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி ஆகியவற்றின் மூலப் பிரதிகள் ஒரே உறையில் எப்போதும் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் அலைச்சலும் காலமும் வேண்டும். நட்டஈட்டுப் படிவம் நிரப்பும் நாளிலோ இவை உடனே கேட்கப்படும். அடையாளத்தை நிரூபிக்கத் தாள் இல்லாமல் நிற்பது என்னவென்று இந்நகரத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. இந்த உறை பையின் அடியில் கிடக்காமல், பையைக் கைவிட நேர்ந்தாலும் உடலோடு வரக்கூடியதாக, கழுத்திலோ இடுப்பிலோ மாட்டும் வகையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் கைபேசியில் தெளிவாகப் படமெடுத்து, கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைத்தால், கைபேசி நனைந்தாலும் தகவல் பிழைக்கும்.

நகையைப் பையில் வைக்க வேண்டாம். நெரிசலான தற்காலிகத் தங்கும் நிலையத்தில் இரவில் பை கைமாறுவது எளிது. மழைக்காலத்துக்கு முன்னரே வங்கிப் பெட்டகத்துக்குக் கொண்டுபோவது நல்லது. இல்லையென்றால் உடையின் உட்பக்கம் தைத்த பையில் இருக்கட்டும்.

மின்சாரம் போனால் தன்னியக்கப் பணப்பொறியும் கடைகளின் அட்டை இயந்திரமும் நின்றுபோகும். 100, 500 ரூபாத் தாள்களாகச் சில ஆயிரம் வைத்திருங்கள். 5,000 ரூபாத் தாளை அந்த நேரத்தில் மாற்றித் தர ஆள் கிடைக்காது.

இன்னுமொன்று, பட்டியல்களில் காணாதது: ஒரு தடித்த அட்டையில் பெயர், இரத்த வகை, நோய், எடுக்கும் மருந்து, ஒவ்வாமை, இரண்டு உறவினரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஆளுக்கொன்றாக வைக்க வேண்டும். படகில் ஏற்றும் சிப்பாயும் முதலுதவி செய்யும் தாதியும் உங்கள் மொழி அறியாதவர்களாக இருக்கலாம். மயங்கிக் கிடக்கும் முதியவருக்காக அந்த அட்டை பேசும். அதே அட்டையின் பின்புறத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, தீயணைப்பு 110, அம்புலன்ஸ் 1990 என்று எழுதிவிடலாம்.

மருந்து

நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவருக்குப் பையில் தண்ணீரைவிட முக்கியம் இதுதான்.

1. ஏழு நாளுக்கான குளிசைகளை, கிளினிக்கில் தந்த பெயர் எழுதிய உறையிலேயே வையுங்கள். வெறும் டப்பாவில் கலந்து போட்ட குளிசையை எந்த வைத்தியராலும் நம்பிக் கொடுக்க முடியாது. அடுத்த கிளினிக் நாளில் புதிய மருந்து வந்ததும் பையில் இருப்பதை எடுத்துப் பாவித்து, புதியதை உள்ளே வைத்தால் காலாவதிச் சிக்கல் வராது.

2. இன்சுலின் குளிரூட்டிக்கு வெளியே, 30 பாகைக்குக் கீழே, பெரும்பாலான வகைகளில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் தாங்கும். உங்கள் வகைக்கு உரிய அளவை மருந்தின் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பின் பகல் வெப்பம் அந்த எல்லையை எளிதில் தாண்டும். ஆகையால் குப்பியைச் சிறிய பொலித்தீனில் இட்டு, ஈரத் துணியால் சுற்றி, காற்றுப்படும் நிழலில் வைக்க வேண்டும்: துணியிலிருந்து ஆவியாகும் நீர் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஐஸ் கட்டியோடு நேரே ஒட்டி வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயனற்றது.

3. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். வெள்ளத்துக்குப் பிறகு டெங்கு பரவும் நகரம் இது. அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் போன்றவை டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

4. சேற்று நீரில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. அதற்கான தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆலோசனையோடு எடுக்க வேண்டும். பையில் இருக்க வேண்டியது காயத்தை மூடும் நீர்புகாப் பிளாஸ்டர், தொற்றுநீக்கி, சவர்க்காரம்.

5. வயிற்றோட்டத்தில் உடல் இழக்கும் நீரை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள் சில, பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று, செவிப்புலன் கருவிக்கான பற்றரி, பெண்களுக்கான அணையாடை. கடைசியில் சொன்னதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டே பல பெண்கள் நிலையங்களில் அல்லலுறுகிறார்கள். முதலிலேயே எடுத்து வைப்பது மேல்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே பாதுகாப்பு. பால்மாவில் வளரும் குழந்தைக்குப் போத்தலுக்குப் பதிலாகச் சிறிய கோப்பையும் கரண்டியும் எடுங்கள். கொதிநீர் அரிதான இடத்தில் அவற்றைக் கழுவுவது எளிது.

தண்ணீரும் உணவும்

குடிக்கவும் உணவுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர் தேவைப்படும். பையில் இரண்டு லீற்றர், முதல் நாளைக் கடத்தப் போதும். அம்பத்தலே சுத்திகரிப்பு நிலையம் களனி கங்கையிலிருந்தே நீரெடுப்பதால், கங்கை பெருகும்போது குழாய்நீரும் தடைப்படக்கூடும்; வெளியேறும் முன் வீட்டுப் போத்தல்களையும் நிரப்பிக்கொள்வது நல்லது.

விலையுயர்ந்த வடிகட்டிக் குழாய்களைப் பலர் வாங்குகிறார்கள். அவற்றின் நுண்துளைகள் பற்றீரியாவைத் தடுக்கும். வைரசுகள் அவற்றைவிடச் சிறியவை. கொழும்பின் வெள்ளநீரில் மலசலக் குழியும் கராஜ் எண்ணெயும் கால்வாய்க் கழிவும் கலந்திருக்கும். கரைந்த இரசாயனத்தை அந்தக் குழாய் நீக்காது. மலையோடைக்கு உகந்த கருவி அது, இங்கே வேண்டாம்.

உணவில் அவல், கச்சான், பேரீச்சம்பழம், கிரீம் கிராக்கர் போதும். சமைக்க வேண்டியது எதுவும் வேண்டாம்.

வெளிச்சமும் கைபேசியும்

விளக்கு தலையில் மாட்டுவதாக இருந்தால் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் கைப்பிடிச் சுவரையும் பிடிக்கலாம். வெளிச்சத்தின் அளவைக் குறிக்கும் லூமென் கணக்கில் நூறு முதல் இருநூறு போதும். ஆயிரம் லூமென் என்று விளம்பரப்படுத்தப்படுவது பற்றரியைத்தான் வேகமாகத் தின்னும். பற்றரிகளை விளக்குக்குள் போட்டு வைக்காதீர்கள். மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து தொடுகைத் தகட்டை அரித்துவிடும்.

10,000 மில்லியம்பியர் மணி என்று எழுதிய பவர் பேங்க், 5,000 அளவுள்ள கைபேசியை இரண்டு தடவை நிரப்பும் என்று நினைப்பது பிழை. பவர் பேங்க்கின் உள்ளே இருப்பது 3.7 வோல்ற்றில் 37 வற்று மணி. மின்னழுத்தத்தை மாற்றுவதில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு வெப்பமாக வீணாகலாம். மீதியில் கைபேசி ஒன்றேகால் தடவைதான் நிரம்பும். ஆகவே இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கு தாங்காது. சிறிய பற்றரி வானொலி ஒன்று இருந்தால் செய்தி கேட்கக் கைபேசியை வீணாக்க வேண்டியிராது. சிறிதளவு சத்தமும் போட முடியாமல் தொண்டை வறண்டவருக்கு ஒரு பிளாஸ்ரிக் விசில் உதவும்; நிறையே இல்லாத பொருள்.

உடையும் காலணியும்

ஜீன்ஸ் ஒன்றின் இடத்தில் இரண்டு சாரங்கள் வைக்கலாம். சாரம் விரைவில் உலரும். போர்வையாகும், துவாயாகும், விரிப்பாகும், குழந்தைக்கு ஏணையாகும், வகுப்பறையின் மூலையில் இரண்டு மேசைகளுக்கு நடுவே கட்டினால் பெண்கள் உடைமாற்ற மறைப்பாகும். மேற்கத்தியப் பட்டியல்கள் அறியாத இந்த ஒரு துணி பல கருவிகளின் வேலையைச் செய்துவிடும்.

காலணிக்கு, முழங்கால் வரை வரும் இறப்பர்ச் சப்பாத்து நல்லதெனத் தோன்றும். தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டிய கணமே அது வாளியாகிவிடும். கால் தூக்க முடியாது. இறப்பர்ச் செருப்பு சேற்றில் கழன்று போகும். பழைய கன்வஸ் சப்பாத்தோ குதிப்பட்டியுள்ள செருப்போ போதும். எதை அணிந்தாலும் கலங்கிய நீருக்குள் மூடி திறந்த வடிகான் தெரியாது; ஒரு நீண்ட தடியால் முன்னே குத்திப் பார்த்தே அடி வைக்க வேண்டும்.

எப்போது சரிபார்ப்பது?

தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. அடுத்த பெருமழை ஒக்டோபர், நவம்பரில். ஆகவே சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரத்திலும் செப்டம்பர் கடைசியிலும் பையை ஒருமுறை முழுதாகக் கொட்டி அடுக்க வேண்டும். தண்ணீரையும் கச்சானையும் மாற்றி, பவர் பேங்க்கை நிரப்பி, அட்டையில் எழுதிய தொலைபேசி எண்களைச் சரிபார்த்து, பிள்ளைகளின் உடையை அவர்கள்மேல் வைத்துப் பாருங்கள். சித்திரையில் அளவாக இருந்த சட்டை புரட்டாதியில் கை நுழையாது.